மூன்று லிட்டர், நான்கு மணி நேரம்

ஜூன் 3, திங்கள்

ஒருவழியாகச் சிறுவாணித் தண்ணீர் வந்தது. குடம், வாளி, குக்கர் என்று கண்ணில் பட்டதில் எல்லாம் பிடித்து வைத்துவிட்டுப் போனதில் ஆபீசுக்குத் தாமதம். முதலாளி லோகநாதன் சார் வாசலிலேயே நின்றிருந்தார்.

“ஏனம்மிணி, கோபி ஆஸ்பத்திரில ஏதோ பிரச்சினைங்கறாங்க. சனிக்கெழமை நம்ம புதுப் பதிப்பப் போட்டமல்ல? அன்னைக்கே ஒரு டயாலிசிஸ் பேஷண்ட்டுக்கு பிரஷர் எறங்கி நெனவு தப்பிருச்சாம். ஐசியூல இருக்காரு.”

“நம்ம சாஃப்ட்வேராலயா சார்?”

“சேச்சே. நர்ஸம்மா நம்பர மாத்திப் போட்டிருச்சுங்கறாங்க. எதுக்கும் நீ ஒருக்கா பாத்துரு.”

பார்க்கிறேன் என்றேன். இந்த ஆபீசில் எதைத்தான் நான் பார்க்காமல் இருந்திருக்கிறேன்!

ஜூன் 4, செவ்வாய்

இந்த நோட்டை எழுதச் சொன்னது குடும்ப நல நீதிமன்றத்துக் கவுன்சிலர் அம்மா. “முன்னப்பின்னத் தெரியாத ஒருத்தருக்குச் சொல்ற மாதிரி எழுதுங்க வாணி, மனசு லேசாகும்” என்றார். மனசு லேசாகவில்லை, கைதான் வலிக்கிறது. சரி, முன்பின் தெரியாதவரே, கேளும்.

டயாலிசிஸ் பிரிவில் நர்ஸின் மேஜைக் கம்ப்யூட்டரில் ஓடுவது நான் எழுதிய புரோகிராம். நோயாளியின் எடை, உடம்பிலிருந்து எடுக்க வேண்டிய நீர் எத்தனை லிட்டர், அதை எத்தனை மணி நேரத்தில் எடுப்பது என்று நர்ஸ் அதில் போடுவார். அது சி ஷார்ப் என்ற கம்ப்யூட்டர் மொழி. சொகுசான மொழி. நினைவகத்தில் இடம் பிடிப்பது, வேலை முடிந்ததும் கூட்டிப் பெருக்குவது எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். டயாலிசிஸ் மெஷினோடு நேரடியாகப் பேசுவது இன்னொரு புரோகிராம், பழைய சி மொழியில் எழுதியது. லைப்ரரி என்று பெயர். அங்கே சொகுசெல்லாம் கிடையாது, எல்லாம் கையால். நான் அந்த மூன்று எண்களையும் ஒரே கட்டாகக் கட்டி லைப்ரரியிடம் கொடுப்பேன். ஸ்ட்ரக்ட் என்போம்.

இதில் ஒரு சங்கதி. பெயர்கள் அந்தப் பக்கம் போகாது. ‘இது லிட்டர், இது மணி’ என்று நான் எழுதியிருப்பது என் பக்கத்தோடு சரி. எண்கள் மட்டும் வரிசையாகப் போகும். டிபன் கேரியர் மாதிரிதான். மேல் தட்டில் பொரியல், நடுவில் குழம்பு, அடியில் சோறு என்று நான் அடுக்கி அனுப்புவேன். வாங்குகிறவர் முகர்ந்து பார்க்கமாட்டார், தட்டு வரிசையை நம்பி எடுப்பார். இரண்டு பக்கமும் ஒரே வரிசையை நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். அளவு வேறுபட்டால் புரோகிராம் உடைந்து விழும், தெரிந்துவிடும். ஒரே அளவுள்ள இரண்டு எண்கள் இடம் மாறினால் கம்ப்யூட்டர் வாயே திறக்காது.

லைப்ரரியை எழுதுகிறவர் பூபதி. சட்டப்படி இன்னும் என் கணவர். பொங்கலுக்கு முன்னால் சிங்காநல்லூரில் ரூம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆபீசில் அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு சுவர். வேலை விஷயம் மட்டும் ஆபீஸ் குரூப்பில் மெசேஜாக வரும், போகும். பதினான்காம் தேதி கோர்ட். பிரிய இருவருக்கும் சம்மதம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. எனக்கு ஒன்றும் இல்லை. தூக்கம்தான் வருவதில்லை, அது பக்கத்து வீட்டுக் கிரைண்டர் சத்தத்தால்.

ஜூன் 5, புதன்

புரோகிராம் முழுக்க வரிவரியாகப் பார்த்தேன். கம்ப்யூட்டருக்குள் மட்டும் இருக்கிற எங்கள் சோதனை நோயாளிக்கு எண்களைப் போட்டு ஓட்டினேன். எல்லாம் சரி.

குரூப்பில் “என் பக்கம் சரி” என்று போட்டேன். “என் பக்கமும் சரி” என்று பூபதி போட்டார். இதே இரண்டு வாக்கியத்தைத்தான் கவுன்சிலர் அம்மாவிடமும் சொன்னோம்.

ஜூன் 6, வியாழன்

மிக்ஸி ரிப்பேர். நாளைக்குக் கோபிக்கு நேரில் போக வேண்டுமாம். கடைவாய்ப் பல் வேறு வலிக்கிறது.

ஜூன் 7, வெள்ளி

பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். ஆஸ்பத்திரி மேனேஜர் இரண்டு தாள்களை எடுத்து நீட்டினார். மெஷினின் பதிவில் நாலு லிட்டர், மூன்று மணி நேரம். மேஜைக் கம்ப்யூட்டரின் பதிவில் மூன்று லிட்டர், நாலு மணி நேரம். டாக்டர் சொன்னதும் இதுதான்.

“பாருங்க மேடம். மொதல்ல மாத்திப் போட்டிருச்சு. ஆளு மயங்குன ஒடனே கம்ப்யூட்டர்ல மட்டும் திருத்தி வெச்சிருக்குது. தப்பு பண்ணுனது ஒண்ணு, மறைச்சது ஒண்ணு. போலீசுக்குப் போகாம நாங்களே விசாரிக்கறோம். அது முடியற வரைக்கும் கம்ப்யூட்டரத் தொடாம மெஷின்லயே நேரா நம்பரப் போடச் சொல்லியிருக்கறோம்.”

அந்த நர்ஸ் பெயர் மரகதம். ஐம்பது வயதிருக்கும். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கூப்பிட்டால் வர வேண்டும் என்பதால் வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். யூனிஃபார்ம் இல்லாமல், கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி ஒரு பட்டுச் சேலை. விசாரணைக்கு எதைக் கட்டிக்கொண்டு வருவது என்று அவருக்குத் தெரியவில்லை போல.

“மூணு லிட்டரு, நாலு மணி நேரமுங்க. டாக்டர் எழுதுனதப் பாத்து அப்படியேதானுங்க போட்டேன். அப்பறம் நான் கம்ப்யூட்டரத் தொடவே இல்லீங்க. மயங்கிக் கெடந்த சென்னியப்பன் கையப் புடிச்சிட்டு நின்னேன்.”

“அன்னைக்கு வேற யாருக்காச்சும் போட்டீங்களாக்கா?”

“காலைல மொதல்ல ஒருத்தருக்குங்க. நாலு லிட்டரு, நாலு மணி நேரம். அவரு நல்லாத்தான் எந்திரிச்சுப் போனாரு. ரெண்டாவதுதான் சென்னியப்பன். இப்பக் கண்ணு முழிச்சிட்டாருங்க. அந்த மட்டுக்கும் மாரியாத்தா காப்பாத்துனா.”

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். “அம்மிணி, உங்க கம்ப்யூட்டரு தப்பாச் சொல்லாதுங்களா?”

“சொல்லாதுங்க” என்றேன்.

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்? விற்பனைக்குப் போனவள் மாதிரி.

ஜூன் 8, சனி

அந்த அம்மா சொன்ன அதே எண்களைப் போட்டேன். மூன்று லிட்டர், நாலு மணி. லைப்ரரிக்குப் போய்த் திரும்பி வந்தது. திரையில் மூன்று லிட்டர், நாலு மணி. இன்னொரு முறை. அதேதான்.

அப்படியானால் அந்த அம்மாதான் மாற்றிப் போட்டிருக்கிறார். பாவம். வயசாகிறது, வேலைச் சுமை, யாருக்குத்தான் கை தவறாது? யானைக்கும் அடி சறுக்கும். ‘மென்பொருளில் பிழை எதுவும் இல்லை’ என்று ஆஸ்பத்திரிக்கு மெயில் அனுப்பிவிட்டேன். லோகநாதன் சார் மைசூர்பா வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தார். பல் வலி என்று சொல்லி நான் எடுத்துக்கொள்ளவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

துணி துவைத்தேன். தலையணை உறை இரண்டும். ஒன்று போதும், பழக்கம்.

ஜூன் 10, திங்கள்

புதுப் பதிப்பை மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் வெள்ளிக்கிழமை அனுப்பப் போகிறார்களாம். வெள்ளிக்கிழமை நல்ல நாளாம். நமக்கு அன்றைக்குக் கோர்ட். நல்ல நாள்தான்.

ஜூன் 11, செவ்வாய்

எழுதியே ஆக வேண்டும்.

மதியம் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். திடீரென்று அந்த அம்மா சொன்னது மண்டைக்குள் வந்தது. முதல் நோயாளிக்கு நாலு லிட்டர், நாலு மணி, ஒன்றும் ஆகவில்லை. எங்கள் சோதனை நோயாளிக்கு என்ன? அவனுக்கும் நாலு, நாலு. எங்கள் ஆபீசில் இது ஒரு வியாதி. எந்தக் கட்டத்தில் எண் கேட்டாலும் ஒரே எண்ணைத் தட்டிவிட்டுப் போவது. நாலையும் நாலையும் இடம் மாற்றினால் யாருக்குத் தெரியும்?

ஆனால் சனிக்கிழமை நான் மூன்று, நாலு என்றுதானே போட்டேன்? சரியாகத்தானே திரும்பி வந்தது? சோற்றுக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தது. அதுதான் விஷயம். அதே கட்டுதான் போகிறது, அதே கட்டுதான் வருகிறது. போகும்போது அந்தப் பக்கம் மாற்றிப் படித்தாலும், வரும்போது என் பக்கம் என் வரிசையில்தான் படிக்கும். என் திரை என்றைக்கும் எனக்குச் சரியாகத்தான் காட்டும். மெஷின் என்ன நினைக்கிறது என்று என் திரைக்குத் தெரியவே தெரியாது.

மெஷின் மாதிரியே நடிக்கிற சோதனைப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதற்குத் தனியாகச் சின்னத் திரை. அது பூபதியின் மேஜையில். சுவருக்கு அந்தப் பக்கம்.

போன் போட்டேன். பொங்கலுக்குப் பிறகு முதல் தடவை.

“உங்க பெட்டி ஓடுதா?”

“ஓடுது. ஏன் வாணி?”

“நான் இப்ப அனுப்பறேன். என்ன வருதுன்னு மட்டும் சொல்லுங்க.”

மூன்று லிட்டர், நாலு மணி. தட்டினேன்.

“நாலு லிட்டர். மூணு மணி” என்றார். பிறகு, “நீ என்ன போட்ட?”

“மூணு லிட்டர். நாலு மணி.” “அய்யோ” என்று அவர் சொன்னது போனிலும் கேட்டது, சுவர் வழியாகவும் கேட்டது.

சுவரைச் சுற்றிக்கொண்டு போனேன். அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். மெஷின் கம்பெனிக்காரன் புது மாடலில் மணியை முதலிலும் லிட்டரைப் பிறகும் கேட்கிறானாம். அதற்காக ஸ்ட்ரக்ட்டில் வரிசையை மாற்றியிருக்கிறார். மாற்றினால் எனக்குச் சொல்ல வேண்டும். அது எங்கள் வழக்கம். எங்கேயும் எழுதி வைத்ததில்லை. நான் தோசை வார்க்கும்போது, “வாணி, இன்னைக்கு வரிசைய மாத்துனேன், நீயும் மாத்திரு” என்பார். அவ்வளவுதான். ஆபீசிலும் யாரும் கேட்டதில்லை, ‘அவங்க வீட்லயே பேசிக்குவாங்க’ என்று விட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டில் பேச்சு நின்றால் ஆஸ்பத்திரியில் ஒருவர் மயங்கி விழுவார் என்று யாருக்குத் தெரியும்?

“ஏங்க சொல்லல?” என்று கத்தினேன். பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாம் திரும்பினார்கள்.

“சொல்லலாம்னு சுவரு வரைக்கும் வந்தேன். என் மேஜைப் பக்கம் வராதீங்கன்னு நீ அன்னைக்குச் சொன்னயில்ல. குரூப்ல போடலாம்னு திரும்பிப் போனேன். அப்பறம் மறந்துட்டேன்.”

நான் சொன்னது சண்டையில். கோபத்தில் ஆயிரம் சொல்வார்கள். அதையெல்லாமா ஒரு மனிதர் அப்படியே எடுத்துக்கொள்வது?

ஜூன் 12, புதன்

லோகநாதன் சாரிடம் இருவரும் போய்ச் சொன்னோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு பூபதியை வெளியே போகச் சொன்னார்.

“அம்மிணி, ரெண்டு வரிய மாத்துனா சரியாப் போச்சு. மாத்திரு. வெள்ளிக்கெழமை சரியான பதிப்பா அனுப்பீரலாம். கோபிக்கும் அதையே போட்டுரலாம். ஆரு கேக்கப் போறா?”

“அந்த நர்ஸம்மா சார்?”

“சென்னியப்பன்தான் பொழச்சுட்டாரே. அந்தம்மாவ வார்னிங்கோட வுட்டுருவாங்க. நாம சொன்னம்னு வெய்யி, கம்பெனிய மூடோணும். இங்க இத்தன குடும்பம் இருக்குது.” கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். “இன்னொண்ணும் யோசிச்சுக்க. வெள்ளிக்கெழமை உனக்குக் கோர்ட்டு. அந்த வாரம் பாத்துப் புருசன மாட்டி வுட்டாள்னுதான் ஊரு பேசும். உன்ற நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

பேசும். கட்டாயம் பேசும். என் அம்மாவே முதலில் பேசுவாள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே. பழி பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. பாவம் சுவருக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. எனக்குப் பேசவும் தெம்பில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. வீட்டுக்கு வந்து சமைக்காமல் படுத்துவிட்டேன்.

ஜூன் 13, வியாழன்

திருத்திய பதிப்பு தயார். ஆனால் அனுப்பக்கூடாது என்று பூட்டி வைத்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்குத் தெரியாமல் அனுப்பினால் கோபி கம்ப்யூட்டரில் இருக்கும் தப்பு தடயமில்லாமல் போய்விடும். பிறகு அந்த அம்மா சாகும்வரை மாற்றிப் போட்டவர்தான்.

தேநீர் நேரத்தில் பூபதி வந்தார். என் மேஜைப் பக்கம். நான் தடுக்கவில்லை.

“நாளைக்குக் கோபில விசாரணையாம். மேனேஜர்கிட்டப் பேசினேன். பதினோரு மணிக்கு” என்றார்.

“யாரக் கேட்டு அவங்ககிட்டப் பேசினீங்க?”

“யாரக் கேக்கணும்? வரிசைய மாத்துனது நானு.”

“நான் சொன்னா உங்கள மாட்டி விட்டேம்பாங்க.”

“அதனாலதான் நீ சொல்ல வேண்டாங்கறேன். நான் சொல்றேன். நீ வந்து காட்டு. ரெண்டு பக்கமும் இல்லாம அதக் காட்ட முடியாது.”

லோகநாதன் சாரிடம் லீவு சொன்னோம். “ரெண்டு பேருக்கும் ஒரே நாள் லீவா?” என்றார். பிறகு அவருக்கே விஷயம் புரிந்து, போங்கள் என்றும் சொல்லவில்லை, போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை. வேலை இருக்குமா என்று தெரியவில்லை. பூபதியின் சட்டைக் காலர் பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு மனிதருக்கு இதைக்கூடத் தைத்துக்கொள்ளத் தெரியாதா? எனக்கென்ன வந்தது?

ஜூன் 14, வெள்ளி

வக்கீல் காலையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். போன் பைக்குள் கிடந்தது, கேட்கவில்லை. பூபதியின் போனும் பையில்தான் கிடந்ததாம்.

பஸ்ஸில் இரண்டு பேருக்கும் ஒரே சீட். வழியெல்லாம் தூறல். அவர் அவிநாசி தாண்டும்போதே தூங்கிவிட்டார், தலை என் தோளில். தள்ளிவிட்டிருப்பேன், தூங்குகிறவரை எழுப்பினால் பாவம் என்று விட்டுவிட்டேன்.

மேனேஜர் அறையில் பெரிய டாக்டர், மேனேஜர், ஓரமாக மரகதம் அக்கா. உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார். பூபதி நின்றபடியே சொல்லி முடித்தார். சுற்றி வளைக்கவில்லை, என் பெயரை எடுக்கவும் இல்லை. “வரிசைய நான் மாத்தினேன் சார். அவங்களுக்குச் சொல்லல. சிஸ்டர் போட்டது சரி.”

“நானும் கேக்கல சார்” என்றேன். “அப்பறம் ஒழுங்காப் பாக்காமலே பிழை இல்லைன்னு மெயிலும் அனுப்பினேன்.”

மேனேஜர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் மேஜை மேலிருந்த ஒரு தாளைப் பார்த்தார். பிறகு, “அவங்க நேத்து ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்துட்டாங்களே” என்றார்.

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. மரகதம் அக்காவைப் பார்த்தேன். “ஏன்க்கா? நீங்க சரியாத்தானே போட்டீங்க?”

“தெரியலீங் அம்மிணி. மெசினு அப்படிச் சொல்லுது. உங்க கம்பெனியும் தப்பே இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டீங்க. அத்தன பேரும் சொல்றப்ப நான் ஒருத்தி மட்டும் வேற சொல்றனே, எனக்குத்தான் மறந்திருச்சோன்னு ஆயிருச்சு. ராத்திரியெல்லாம் நெனச்சு நெனச்சுப் பாத்தேன். பாக்கப் பாக்க நாலைத்தான் மொதல்ல அமுத்துன மாதிரியே இருந்துச்சுங்க. சென்னியப்பன் கால்ல போய் உழுந்து நாந்தானுங்க பண்ணுனேன்னும் சொல்லிட்டேன்.”

அந்த மெயில் நான் அனுப்பியது. பாவம், வயசாகிறது, கை தவறியிருக்கும் என்று இங்கே உட்கார்ந்து எழுதியதும் நான்தான். அந்த இடத்திலேயே நிலம் பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

டயாலிசிஸ் அறைக்குப் போனோம். ஆளில்லாத மெஷின் ஒன்றைத் தண்ணீரில் ஓடவிட்டார்கள். மேஜைக் கம்ப்யூட்டரில் திருத்தாத பதிப்பு, அன்றைக்கு இருந்தது அப்படியே இருந்தது. பூபதி மெஷின் பக்கத்தில் நின்றார், நான் மேஜையில் உட்கார்ந்தேன். எல்லோரும் பார்க்க, லிட்டரில் மூன்று, மணியில் நாலு என்று போட்டு அனுப்பினேன். மேஜைத் திரையில் மூன்று லிட்டர், நாலு மணி. மெஷின் திரையில் நாலு லிட்டர், மூன்று மணி.

டாக்டர் இரண்டு திரைக்கும் நடுவில் இரண்டு தடவை நடந்தார். “மை காட்” என்றார். அந்தத் தாளைக் கிழித்துவிடுகிறோம், திங்கட்கிழமையே டூட்டிக்கு வாருங்கள் என்று மேனேஜர் சொல்லிக்கொண்டே போனார். கம்பெனி மேல் நடவடிக்கை உண்டு என்று எங்களைப் பார்த்துச் சொன்னார். செய்யட்டும்.

மரகதம் அக்கா அதில் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. மெதுவாக என் பக்கத்தில் வந்தார்.

“ஒருக்கா நான் போட்டுப் பாக்கட்டுங்களா?”

எழுந்து இடம் விட்டேன். சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். “லிட்டரு மூணு” என்று சத்தமாகச் சொல்லி ஒற்றை விரலால் அழுத்தினார். “மணி நாலு.” அனுப்பிவிட்டு எழுந்து மெஷினிடம் போய்ப் பார்த்தார். நாலு, மூன்று. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“லிட்டரு மூணு. மணி நாலு.”

மறுபடியும் போய்ப் பார்த்தார். வந்தார். கன்னமெல்லாம் நனைந்திருந்தது, துடைக்கவில்லை. “சரியாத்தான் போட்டிருக்கேன்” என்றார், எங்களைப் பார்த்து இல்லை.

மேனேஜர், “சரிங்க சிஸ்டர், போதும், எந்திரிங்க” என்றார்.

“போடட்டும் சார்” என்றார் பூபதி.

மரகதம் அக்கா மறுபடியும் மூன்றை அழுத்தினார்.